ஒரே நாற்காலி... மூன்று பேர்... மாறிப்போன வகுப்பறை!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கூரம் என்றதும் பெருமாள் பக்தர்களுக்குக் கூரத்தாழ்வான் நினைவுக்கு வருவார். சிற்பங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு, இந்த ஊரில் கிடைத்து இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிற்கும் பல்லவர் கால நடராஜர். வரலாறு படிப்பவர்களுக்கோ ஒரு செப்பேடு.

7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த செப்பேடு அது. ஓர் ஊரை 25 பங்காகப் பிரித்துத் தானம் செய்கிறான் மன்னன். 20 பங்கு நான்கு வேதம் கற்றவர்களுக்கு. மிச்சத்தில் கோயில் பூஜைக்கு, மண்டபத்தில் தண்ணீரும் நெருப்பும் வைப்பதற்கு என்று பங்குகள் போகின்றன. கடைசியில் ஒரு பங்கு, அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு! வாசிப்பவரின் பிழைப்புக்கு நிலத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். படிப்பு நடக்க வேண்டுமென்றால் அதற்கு யாராவது படியளக்க வேண்டும் என்பது 1,300 வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆனால் 25-இல் 20 பங்கு யாருக்குப் போனது என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் செப்பேட்டைப் படிக்க வேண்டும்.

யாருக்குப் படிப்பு, யார் காசில், எத்தனை வருடம்? சுதந்திரம் வந்த கையோடு இந்தக் கேள்விகள் மறுபடி எழுந்தன. பதில் எழுதியவர்களில் மூன்று பேர், சென்னை சேப்பாக்கத்தில் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாற்காலி அது. முதலாமவர் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த மருத்துவப் பேராசிரியர். இரண்டாமவர் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பிள்ளை. மூன்றாமவர் வேலூரில் பிறந்த பொருளாதார வாத்தியார்.

தறிமேடையில் ஒரு கை

அவர்கள் கதைக்கு முன், ஒரு பட்டுச்சேலைக் கதை. காஞ்சிப் பட்டில் 'கோர்வை' என்றால் தனி மதிப்பு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சேருமிடம் கத்தியால் கோடு போட்டது போல இருக்கும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். நடு உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெசவாளி ஒருவரால் மூன்றையும் சமாளிக்க முடியாது. ஒரு பக்கக் கரை நாடாவைத் தள்ளித்தர இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பெரியவருக்குக் கூலி கொடுத்து உட்காரவைத்தால் கட்டுப்படியாகாது. பிள்ளைக்கும் தொழில் பழகிவிடும். பள்ளிக்கூடம்? அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்!

இந்தப் பின்னணியில்தான் 1953-இல் சென்னை மாகாண அரசு கொண்டுவந்த புதிய தொடக்கக்கல்வித் திட்டத்தைப் பார்க்க வேண்டும். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு. ஒரு பகுதி காலையில், இன்னொரு பகுதி மதியத்தில். மிச்ச நேரத்தில் பெற்றோரிடம் தொழில் பழகலாம். முதல்வர் ராஜாஜி தரப்பில் சொல்லப்பட்ட காரணம் லேசானதல்ல. பத்து வருடங்களுக்குள் 14 வயது வரை எல்லாருக்கும் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். கையில் பணம் இல்லை, கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை. நேரத்தைப் பாதியாக்கினால் அதே ஆசிரியரை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்பது கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் ஊரில் 'அப்பன் தொழில்' என்பதற்கு வேறு அர்த்தம் இருந்தது. குயவர் பிள்ளை மண் குழைக்கும், நெசவாளர் பிள்ளை நாடா தள்ளும், சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி துவைக்கும். மூன்று மணி நேரப் படிப்பு யாருக்கு நஷ்டம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானார். மே மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

முழு நாள் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டது. முழு நாள் உட்காரப் பிள்ளை வர வேண்டுமே? அந்தக் கேள்வி போய் நின்ற மேஜை, நெய்யாடுபாக்கத்துக்காரருடையது.

மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டு

அந்த மேஜைக்குப் போகுமுன் சேப்பாக்கத்து நாற்காலியில் அப்போது இருந்தவரைப் பார்த்துவிடலாம். டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். 1887-இல் கர்நூலில் பிறந்தவர். அரசியலிலும் நிர்வாகத்திலும் புகழ்பெற்ற ராமசாமி முதலியாரும் இவரும் இரட்டைப் பிள்ளைகள். சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் கற்பித்து, அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானவர். பிரசவ மருத்துவத்துக்கு அவர் எழுதிய பாடநூல், பின்னவர்கள் திருத்தித் திருத்தி இன்றும் அச்சில் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களில் எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தைப் படித்த டாக்டர் கையில் பிறந்திருக்கலாம்!

1942-இல் துணைவேந்தர் ஆனவர் 27 வருடம் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. 1948-49-இல் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் இவரும் உறுப்பினர். திருத்தணிப் பக்கத்திலிருந்து போய், சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து வாழ்க்கையைத் தொடங்கிய ராதாகிருஷ்ணன் கதை எல்லாரும் அறிந்தது. செப்டம்பர் 5 தோறும் பள்ளிக்கூடங்களில் சொல்கிறார்கள். அந்தக் குழு கேட்டதால்தான் பல்கலைக்கழக மானியக் குழுவே வந்தது என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்ததாக, கல்லூரிக்குக் கீழே இருக்கும் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய 1952 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர், லட்சுமணசாமி முதலியார். 'முதலியார் கமிஷன்' என்று இன்றும் பி.எட். மாணவர்கள் உருப்போடும் பெயர் இதுதான். ஒரு வருடத்துக்குள், 1953 ஆகஸ்டில் அறிக்கை தயார்.

அறிக்கையில் என்ன இருந்தது? எல்லாப் பிள்ளையையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள், விவசாயம், தொழில்நுட்பம், வணிகம், நுண்கலை, மனையியல் என்று பல பிரிவுகள் உள்ள பள்ளிகளைத் தொடங்குங்கள் என்றது. வருடக் கடைசியில் நடக்கும் ஒரு பரீட்சையை மட்டும் வைத்துப் பிள்ளையை எடைபோடாதீர்கள், வருடம் முழுக்க அது செய்த வேலையையும் பதிவு செய்து பாருங்கள், மதிப்பெண்ணுக்குப் பதில் தரக்குறியீடு போடுங்கள் என்றது. வகுப்பில் 30 பேர் போதும், மிஞ்சினால் 40 என்றது. நோயாளியை ரிப்போர்ட் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாத மருத்துவ வாத்தியார் புத்தி இதில் தெரிகிறது. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் 'மாநிலத்தில் முதலிடம்' என்று அறிவிக்கும் வழக்கம் நின்றது 2017-இல். அறிக்கைக்கு 64 வயது அப்போது.

ஆனால் ஒரு பரிந்துரை மட்டும் சட்டென்று பலித்தது. ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள் என்று அந்த அறிக்கை கேட்டிருந்தது. உதவிபெறும் பள்ளியில் முப்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியவர் ஓய்வுபெறும் நாளில் மாலையோடு வீட்டுக்குப் போன காலம் அது. இரண்டே வருடத்தில், 1955-இல், சென்னை மாகாணம் இந்த 'மூன்று நன்மைத் திட்டத்தை'க் கொண்டுவந்தது. அப்போது கல்வித்துறை இயக்குநர் யார் தெரியுமா? நெய்யாடுபாக்கம் துரைசாமி சுந்தரவடிவேலு. சுருக்கமாக, நெ.து.சு.

நெய்யாடுபாக்கத்திலிருந்து ஒருவர்

1912 அக்டோபர் 12-ஆம் தேதி பிறந்தவர் நெ.து.சு. காஞ்சிபுரத்தில் உயர்நிலைப் பள்ளி, சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தில் இளம் வயதிலேயே ஈடுபாடு. அரசு வேலையில் அவர் பிடித்த ஏணி, பள்ளி ஆய்வாளர் பதவி. அதாவது, வாத்தியார்கள் பயந்து எழுந்து நிற்கும் 'இன்ஸ்பெக்டர்'.

இப்படிச் சொன்னால் அவர் வகுப்பறைக்காரரா என்று ஒரு சந்தேகம் வரும். கரும்பலகை முன் நின்று ஆயுளைக் கழித்தவர் அல்ல அவர். ஆனால் ஆய்வாளர் வேலைக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரு வாத்தியாருக்குத் தெரிவது ஒரு பள்ளிக்கூடம். ஆய்வாளருக்கு ஒரு வட்டாரமே தெரியும். வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் பெஞ்சில் இருக்கும் தலைக்கும் நடுவே எத்தனை வித்தியாசம், எந்த மாதத்தில் எந்த ஊரில் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதெல்லாம் ஊர் ஊராகப் போய் வந்தவருக்குத்தான் தெரியும். மாகாணத்தின் பொதுக்கல்வி இயக்குநராக 1954-இல் அமர்ந்தபோது அவருக்கு வயது 42.

பள்ளி இல்லாத சிற்றூர்களில் ஓராசிரியர் பள்ளிகள் திறக்கப்பட்டன. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள் அங்கே வாத்தியார்கள் ஆனார்கள். பள்ளி வந்தது, வாத்தியாரும் வந்தார். பிள்ளை வரவில்லை. வந்தாலும் மதியத்துக்கு மேல் இல்லை. காரணம் வயிறு.

பள்ளியில் சோறு போடும் யோசனை புதிதல்ல. 1920-இல் சர். பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணா செலவில் அதைத் தொடங்கியிருந்தது. ஆனால் ஒரு நகரத்தில் சில பள்ளிகளுக்குப் போடுவது வேறு, மாகாணம் முழுக்கப் போடுவது வேறு. கஜானாவில் அதற்குப் பணமில்லை என்பதுதான் கோட்டையில் முதல் பதில்.

நெ.து.சு. செய்தது ரொம்ப எளிமையான காரியம். அரசு போடும்வரை ஊர் போடட்டும் என்று ஊர்களிடம் போனார். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊரைக் கூட்டிச் சோறு போடத் தெரிந்தவர்கள்தானே நாம்? அரிசி ஒருவர், பருப்பு ஒருவர், விறகு ஒருவர் என்று 1955, 56-இல் பல ஊர்களில் மதிய உணவு வேகத் தொடங்கியது. காமராஜர் முழுசாகப் பின்னால் நின்றார். ஊர்கள் செய்துகாட்டிய பிறகு, 'முடியாது' என்று சொல்வது கோட்டைக்குக் கஷ்டமாகிவிட்டது. 1957-இல் அரசு மானியம் வந்தது. சாப்பாடு ஒன்றுக்குச் செலவு 10 பைசா. அரசு 6 பைசா தரும், ஊர் 4 பைசா போட வேண்டும்.

அந்த 4 பைசாவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுக்க அரசுப் பணம் என்றால், சோறு வராத நாளில் ஊர் கேட்காது. தன் பணமும் அதில் கொதிக்கிறது என்றால் வந்து எட்டிப் பார்க்கும். குறையும் இருக்கத்தான் செய்தது. வசதியான ஊரில் உலை கொதித்தது, வறண்ட ஊரில் அடுப்பு அடிக்கடி அணைந்தது. சோறு அதிகம் தேவைப்பட்ட ஊரில்தான் நன்கொடையும் குறைவு. இந்தச் சிக்கலைத் தீர்க்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் ஊர்ப் பங்கு என்ற பேச்சே இல்லை.

உணவோடு நிற்கவில்லை அவர். 1958-இல் 'பள்ளிச் சீரமைப்பு மாநாடு' என்று ஒன்று ஆரம்பித்தார். மாநாடு என்றால் பேச்சு மட்டுமல்ல. பள்ளிக்கூடத்துக்கு என்னென்ன குறை என்று வாத்தியார்கள் பட்டியல் போடுவார்கள், ஊர்க்காரர்கள் மேடையேறி 'கரும்பலகை என் பொறுப்பு', 'கடிகாரம் என்னுடையது' என்று ஏற்றுக்கொள்வார்கள். பெஞ்சு, கட்டடம், நிலம், சீருடை என்று மாவட்டம் மாவட்டமாகக் குவிந்தது. சீருடை விஷயத்தில் அவருக்கு இருந்த அக்கறை புரிந்துகொள்ளக்கூடியது. கிழிந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் புதுச்சட்டையைப் பார்த்தே படிப்பை விடும். அந்தக் காலத்தில் பொது நூலகத்துறையும் கல்வி இயக்குநர் பொறுப்பில்தான் இருந்தது என்பதால், ஊர்ப்புறக் கிளை நூலகங்களுக்கும் அவர் கை நீண்டது. 1961-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

1969-இல் லட்சுமணசாமி முதலியார் எழுந்த நாற்காலியில் நெ.து.சு. உட்கார்ந்தார். ஆறு வருடம் துணைவேந்தர். தன் வாழ்க்கையை 'நினைவு அலைகள்' என்று பல நூறு பக்கங்களுக்கு எழுதிவைத்திருக்கிறார். 1993-இல் காலமானார்.

இரண்டு வருடம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15-இல், நாடு முழுவதற்குமான பள்ளி உணவுத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. அறிவித்தார்களே தவிர, பல மாநிலங்களில் சமைத்துப் போடவில்லை. மாதம் 3 கிலோ தானியத்தைப் பையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போன தானியம் குடும்பத்துக்கு ஆகும். பிள்ளையைப் பள்ளிக்குக் கூப்பிடுவது கொதிக்கிற உலைதான், மூட்டை அல்ல. 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, எல்லா அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்கள் 1955-இல் கண்டுபிடித்ததை நாடு எட்டிப்பிடிக்க 46 வருடம்!

கையால் கற்பது

நாற்காலியின் மூன்றாவது ஆள், மால்கம் ஆதிசேஷையா. 1910-இல் வேலூரில் பிறந்தவர். ஊரிசுக் கல்லூரி, லயோலா, லண்டன், கேம்பிரிட்ஜ் என்று படித்துவிட்டு, கல்கத்தாவிலும் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பொருளாதாரம் கற்பித்தார். 36 வயதில் கிறிஸ்தவக் கல்லூரியை விட்டுக் கிளம்பியவர், 1948-இல் பாரிஸில் யுனெஸ்கோவில் சேர்ந்தார். 1963-இல் அதன் துணைத் தலைமை இயக்குநர். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் பள்ளியும் கல்லூரியும் கட்ட உதவி கேட்டு வந்து நின்ற காலம். எந்த நாட்டில் எது தேறியது, எது தேறவில்லை என்று அவர் அளவுக்கு நேரில் பார்த்த இந்தியர்கள் குறைவு.

1970-இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து தங்கள் சேமிப்பைப் போட்டு, 1971-இல் அடையாறில் 'சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்' தொடங்கினார். 1975-இல் துணைவேந்தர். அப்போதுதான் நாடு 10+2 முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கடைசி இரண்டு வருடத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று பரிசீலிக்க அமைந்த தேசியக் குழுவுக்கு அவரே தலைவர். 1978-இல் வந்த அந்த அறிக்கையின் தலைப்பையே தமிழில் 'செய்யக் கற்றல்' என்று சொல்லலாம். மேல்நிலைப் பள்ளி கல்லூரிக்குப் போகும் படிக்கட்டு மட்டுமல்ல. அங்கேயே தொழில் பழகி வெளியே வந்து சம்பாதிக்கவும் வழி வேண்டும் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்ததும் 1978-இல்தான். கூடவே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது.

1953-இல் தொழில் பழகு என்றதும் சண்டை, 1978-இல் தொழில் பழகு என்றதும் பாராட்டா? இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் பிள்ளை எந்தத் தொழில் பழகும் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. பழகிய நேரம் படிப்பிலிருந்து கழிந்தது. இரண்டாவதில் பத்து வருடம் எல்லாரோடும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கிறது. நெசவாளர் பிள்ளை மின்சாரம் படிக்கலாம், அய்யர் வீட்டுப் பிள்ளை நெசவு படிக்கலாம்.

படிக்கலாம்தான். படித்தார்களா? 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 1990-க்குள் 10 விழுக்காடும் 1995-க்குள் 25 விழுக்காடும் தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. 'ஒகேஷனல் குரூப்' என்றால் மார்க் குறைந்தவர்களுக்கு என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பத்தாவதில் 480 வாங்கிய பிள்ளையைத் தொழிற்பிரிவில் சேர்க்க எந்த அப்பா சம்மதித்தார்? கையால் செய்யும் வேலைக்குச் சம்பளமும் மரியாதையும் வெளியே குறைவாக இருக்கும்போது, பள்ளிக்குள் அதற்கு மட்டும் மதிப்பு எப்படி வரும்? பொருளாதாரப் பேராசிரியருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்காது. அறிக்கை எழுதுபவர் கையில் பாடத்திட்டம் இருக்கிறது, கூலி இல்லை.

1978-இலிருந்து ஆறு வருடம் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ஆதிசேஷையா 1994-இல் காலமானார். அவர் தொடங்கிய அடையாறு நிறுவனம் இன்றும் ஆராய்ச்சி மாணவர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று பேருடைய காகிதங்களில் மூன்றுவிதமான கதி. முதலியாரின் பரீட்சை யோசனை இன்னும் பாதி வழியில் நிற்கிறது. ஆதிசேஷையாவின் தொழிற்கல்வி, 2020 தேசியக் கல்விக் கொள்கையில் மறுபடி தலைகாட்டி, மறுபடி 'குலக்கல்வி' என்ற பழைய சண்டையையும் கூட்டிவந்திருக்கிறது. நெ.து.சு.வின் சோறு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துவிட்டது. காலை மணி அடிக்குமுன் உப்புமாவோ பொங்கலோ தட்டில் விழுகிறது. கோர்வைத் தறியில் கரை நாடாவைத் தள்ளும் வேலைக்கு, அந்த நேரத்தில் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும்.